ரிப்போர்ட் நகல் கையில் இருக்கிறதா? – வாசகியர் கேள்விகளுக்குப் பதில்

கணவர் ராத்திரி குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட் டவுனுக்கு அந்நேரம் பஸ் இல்லை. யாரைக் கூப்பிடுவது?

அடி விழும்போது 999. மற்றபடி மலேசிய அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999, 24 மணி நேரமும். வாய்விட்டுப் பேச முடியாத வீடென்றால் 019-2615999க்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழித்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கோ புகலிடத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது போலீஸ், சமூகநல அதிகாரிகளின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. வண்டி இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

கோயிலில் தாலி கட்டினோம், பதியவில்லை. சட்டம் என்னைக் காப்பாற்றுமா?

காப்பாற்றும். சமய, சாதி வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால், பதியாவிட்டாலும் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் மனைவிதான். மணவிலக்கு, சொத்தெல்லாம் வேறு விவகாரம். அதற்கு வக்கீலைப் பாருங்கள்.

கையில் வீக்கம். தனியார் கிளினிக்கில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லி மருந்து வாங்கினேன். போதுமா?

போதாது. அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், அடித்தது யார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். விழுந்ததாக ஏட்டில் ஏறிவிட்டால் நாளைக்கு கோர்ட்டில் அது உங்களுக்கு எதிராகவே பேசும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பிரச்சினை. உதவி செய்யவும்.

என்ன பிரச்சினை, எந்த ஊர், பிள்ளைகள் உண்டா? மூன்றும் இல்லாமல் என்ன பதில் சொல்வது? திரும்ப எழுதுங்கள். அவசரமென்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் 15999ஐக் கூப்பிடுங்கள்.

போலீசுக்குப் போகுமுன் கோயில் தலைவரும் மண்டோரும் (தோட்டத்து மேற்பார்வையாளர்) பேசித் தீர்த்து வைப்பதாகச் சொல்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

தங்கச்சி, இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. முப்பது வருடத்துக்கு முன் நானும் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்டாட்டியை அடித்தவன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். நாங்கள் அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லி அனுப்பிவைத்தோம். ஒரு வாரத்தில் பல் உடைந்து திரும்பி வந்தாள். தலைகுனிந்து அழுதவளிடம் "நீயும் கொஞ்சம் வாயை அடக்கு" என்று நான் சொன்ன வார்த்தையை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

பஞ்சாயத்தில் பேசுகிறவர்கள் காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போய்விடுவார்கள். அந்த லயத்து வீட்டுக்குள் (தோட்டத்து வரிசை வீடு) ராத்திரி இருக்கப்போவது நீங்கள். அவனைத் தடுக்கும் அதிகாரம் தலைவருக்குக் கிடையாது. கோர்ட் உத்தரவுக்கு உண்டு. 2018 முதல் அவசரப் பாதுகாப்பு உத்தரவும் இருக்கிறது. அதைச் சமூகநல அதிகாரியே தரலாம், போலீஸ் ரிப்போர்ட் கூடத் தேவையில்லை. ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளில் ரிப்போர்ட் செய்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்கால உத்தரவுக்கு மனுப் போடுங்கள். விசாரணை முடியும்வரை அது நிற்கும்.

பலாயில் (போலீஸ் நிலையத்தில்) "இது குடும்ப விஷயம், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வராதீர்கள். ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மலாய் தடுமாறினால் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள், ஆனால் உங்கள் கணவரின் சொந்தக்காரரை வேண்டாம். நகலை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

பேசுவதற்குத் துணை வேண்டுமா? ஈப்போவில் 'பேராக் விமன் ஃபார் விமன்' சங்கம் இருக்கிறது, அரைமணிப் பயணம். தூரமென்றால் டபிள்யூ.ஏ.ஓ. என்ற மகளிர் உதவி அமைப்பு, 03-3000 8858. கோயில் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை: உண்மையிலேயே உதவ நினைத்தால் அந்தப் பெண்ணை உங்கள் காரில் ஏற்றிப் பலாய்க்குக் கொண்டுபோங்கள்.

வீடு தோட்டத்து வீடு, அவர் பேரில். கிளம்பினால் பிள்ளைகளோடு தெருதானே?

வீடு யார் பேரில் இருந்தாலும், அவரை வெளியே நிறுத்தி உங்களையும் பிள்ளைகளையும் அங்கேயே இருக்கவைக்கும்படி கோர்ட்டில் கேட்கலாம். மனுவிலேயே அதை எழுதச் சொல்லுங்கள்; கேட்காததை யாரும் தரமாட்டார்கள்.

மகன் என்னை அடிக்கிறான். வயது அறுபத்தைந்து. இந்தச் சட்டம் எனக்கும் உண்டா அம்மா?

உண்டு. பெற்ற பிள்ளை என்று தயங்காதீர்கள்.

ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பேங்க் புத்தகம் எல்லாம் அவரிடம். எடுக்காமல் வந்துவிட்டேன்.

தனியாகத் திரும்பிப் போகாதீர்கள். சாமான் எடுக்கப் போலீஸ் கூடவே வரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ரிப்போர்ட் நகலைக் காட்டிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஐசியையும் பிறப்புப் பத்திரத்தையும் பதிவிலாகாவில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். இன்னும் வீட்டில் இருக்கிறவர்கள் இன்றைக்கே எல்லாவற்றையும் படம் பிடித்து, நம்பிக்கையான ஒருத்திக்கு அனுப்பிவையுங்கள்.