எல்லை காக்கும் முளைக்குச்சி

கேள்வி: இங்கிலாந்தில் வேலி போடாமல் ஊரே சேர்ந்து வயலைப் பங்கிட்டுப் பயிர் செய்யும் கிராமம் இன்னும் இருக்கிறதாமே? எல்லைத் தகராறு வராதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இருக்கிறது. நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன்தான் அந்த ஊர். மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தப் பயிர், ஒன்று தரிசு. ஆண்டுதோறும் முறை மாறும். ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் துண்டுகள் உண்டு. எந்த வயல் தரிசாகக் கிடந்தாலும் யாரும் வெறுங்கையோடு நிற்கமாட்டார்கள்.

தகராறுக்கு இடமில்லாமல் இல்லை. நடுவே வரப்பு கிடையாது. உழும்போது ஒரு சால் தள்ளிப் போனாலே பக்கத்துக்காரர் நிலம் போய்விடும். அதனால் நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்த வயலை ஊர் ஜூரி நடந்து பார்க்கிறது. துண்டுகளின் எல்லையில் மர முளைக்குச்சிகளை அடிக்கிறார்கள். பாதையையோ, உழக்கூடாத புல்தரையையோ உழுதிருந்தால், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருந்தால் அபராதம். அடுத்த வாரம் ஊர் மதுவிடுதியான டவ்கோட்டில் 'கோர்ட் லீட்' என்ற பண்ணை நீதிமன்றம் கூடி அதை உறுதிசெய்யும். புது ஜூரியையும் அங்கேயே நியமிப்பார்கள். 1977-ல் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் பறித்தபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்களித்தார்கள். மிகச் சரியான முடிவு. தீர்ப்புச் சொல்கிறவர்களும் அதே மண்ணை உழுகிறவர்கள் என்பதால்தான் அபராதத்துக்கு மதிப்பு.

கேள்வி: பழைய துண்டுகள் நேர்கோட்டில் இல்லாமல் வளைந்திருப்பது ஏன்?
– வாசகி, தேனி

பதில்: ஏரில் எட்டு எருதுகள் வரை பூட்டுவார்கள். அவ்வளவு நீளமான ஏரைக் கடைசியில் சட்டென்று திருப்ப முடியாது. சால் முடியுமுன்பே இடப்பக்கம் ஒடிக்கத் தொடங்கவேண்டும். அப்படியே நூற்றாண்டுகளாக உழுததில், துண்டு தலைகீழ் 'எஸ்' போல வளைந்துவிட்டது. மண்ணை எப்போதும் நடுப்பக்கமே புரட்டியதால் முதுகும் மேடிட்டது. மாலைச் சாய்வெயிலில், புல்லுக்கடியில் அந்த மேடுபள்ளம் அலைஅலையாகத் தெரியும்.

ஃபர்லாங் என்ற அளவே 'சால் நீளம்' என்ற பொருளில் பிறந்தது: 220 கஜம். அதற்கு 22 கஜ அகலம் சேர்த்தால் 4,840 சதுர கஜம். நம் பத்திரங்களில் எழுதும் ஏக்கர் அதுதான்!

லாக்ஸ்டனில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுந்துண்டுகளைச் சேர்த்து அகலமாக்கிவிட்டார்கள். பழைய அமைப்பைப் பார்க்க, 1635-ல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஏர் உழுகிறவர்களைக்கூடக் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார்.