வருகைப் பதிவேடு இருக்கிறதா?

கேள்வி: தேவனாம்பட்டினம் பக்கம் ஆறு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறோம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சுமார் 40 பேர் வருகிறார்கள். டிரஸ்ட் பதிவாகி நான்கு வருடம் ஆகிறது. பண உதவி கேட்டு மூன்று பெரிய ஃபவுண்டேஷன்களுக்கு எழுதினோம். இரண்டிலிருந்து பதிலே இல்லை. ஒன்று, ‘எங்கள் நோக்கங்களோடு பொருந்தவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. புரபோசல் எழுதித் தருகிற ஒருவர், ‘பருவநிலை மாற்றம்’ என்று சேர்த்தால் கட்டாயம் கிடைக்கும், வருகிற பணத்தில் 10 சதவீதம் தந்தால் போதும் என்கிறார். சேர்க்கலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம் அம்மா. நான் சேர்த்துப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு நம் கரைக்குப் பணம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். மீன் விற்கும் பெண்களுக்காக நாங்கள் ஒரு சின்னச் சேமிப்புக் குழு நடத்திக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஐஸ் பெட்டியும் கந்துவட்டி இல்லாத கடனும். பணம் தர வந்தவர்களுக்குப் பிடித்திருந்தது கம்ப்யூட்டர் பயிற்சி. சரி, அதையே எழுதுவோம் என்று எழுதினேன். ஆறு கம்ப்யூட்டர்கள் வந்தன. உப்புக் காற்றில் இரண்டே வருடத்தில் நான்கு செத்துப்போயின. விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குக் கூடை தூக்கிப் போகிறவர் சாயங்காலம் வந்து எக்செல் படிப்பாரா? அறிக்கை எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றுமே இல்லை. அடுத்த தவணை வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒரு வார்த்தை: ‘சுமார் 40’. ஆறு வருடம் நடத்திவிட்டு ஏன் சுமார் என்கிறீர்கள்? பதிவேட்டை எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; அந்த 61 நாளில் வீட்டில் காசு புழங்காதபோது எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள்? படகு இறங்கிய பிறகு எத்தனை பேர் வகுப்புக்குத் திரும்பினார்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் வகுப்பு நின்றது? பத்தாம் வகுப்பை முடித்தவர் எத்தனை பேர்? டெல்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து 200 விண்ணப்பம் படிக்கிறவருக்கு இந்த விவரத்தை உங்களைத் தவிர யாரும் தர முடியாது. உங்கள் விண்ணப்பத்தில் ‘கல்வியே கண்’ என்று தொடங்கும் முதல் பத்தி இருந்தால் அதை அடித்துவிட்டு இதைப் போடுங்கள்.

அப்புறம் கணக்கு. உங்கள் அளவுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆசிரியைகளுக்கு மாதம் 6,000 வீதம் வருடத்துக்கு 1,44,000 ரூபாய். சுண்டல் ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய், 220 நாள், 70,400. நோட்டு, கரண்ட் 15,000. ஆடிட்டருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் 15,000. மொத்தம் 2,44,400, ஒரு பிள்ளைக்கு 6,110. கடைசி 15,000-ஐ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கணக்கு எழுத ஆள் இல்லை என்று தெரிந்தால்தான் அவர்கள் பயப்படுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்து இடம் கொடுத்திருந்தால் அதற்கு என்ன வாடகை ஆகியிருக்கும் என்பதையும் எழுதுங்கள். ஊர் உங்கள் பக்கம் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

‘பொருந்தவில்லை’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அசிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன், டாடா டிரஸ்ட்ஸ் போன்றவை எந்தெந்தத் துறைகளில் வேலை செய்கின்றன என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அதைப் படித்துவிட்டு, பொருந்துகிற ஒன்றே ஒன்றுக்கு, இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். மாலை ஐந்தரைக்கு வந்து வகுப்பைப் பாருங்கள் என்று கூப்பிடுங்கள். கூடவே டிரஸ்டுக்கு வருமான வரித் துறை தரும் பதிவுகளும் (12ஏ, 80ஜி என்று வழங்கிவந்தவை) மூன்று வருட ஆடிட் கணக்கும் தயாராக இருக்கட்டும். கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வேறு வழி. அதற்கு சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்து எண் வாங்க வேண்டும்.

அந்த 10 சதவீதக்காரரை அனுப்பிவிடுங்கள். அவருக்குக் கொடுத்ததை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவீர்கள்?

கேள்வி: எங்கள் டிரஸ்டுக்கு ஒரு பிரெஞ்சு நண்பர் 50,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். ரூபாயாகத்தானே தருகிறார், வாங்கலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ரூபாயில் தந்தாலும் கொடுப்பவர் வெளிநாட்டவர் என்றால் அது வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வாங்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் தொடாதீர்கள். பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் பணிக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். சின்ன டிரஸ்ட் என்றால், குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கும் வழி உண்டு. எந்த வழியில் போனாலும் பணம் முதலில் ஸ்டேட் பேங்கின் புதுடெல்லி மெயின் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். 50,000-க்காக இவ்வளவு அலைச்சல் தேவையா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.