உயர்தரப் பொருளியல்: பழைய கொப்பியில் எது செல்லும், எது செல்லாது?

யாழ்ப்பாணத்தில் உயர்தர வர்த்தகப் பிரிவுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பாடத்திட்டம் மாறியதா, சட்டம் மாறியதா, புள்ளிவிபரம் மாறியதா என்று பிள்ளைகளும் பெற்றோரும் குழம்பிப்போய் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இங்கே.

மாணவி, சாவகச்சேரி: ரீச்சர், அக்கா 2018 இல் சோதனை எடுத்தவ. அவவின் கொப்பியை வைத்துப் படிக்கலாமா?

பாதியைப் படிக்கலாம் பிள்ளை. இப்போதுள்ள பாடத்திட்டம் 2017 இல் தரம் 12 க்கு வந்தது; அதன்படி முதல் பரீட்சை 2019 இல் நடந்தது. அக்கா எழுதியது அதற்கு முந்தியது. ஆனாலும் கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி, உற்பத்திச் சாத்திய வளையி எல்லாம் அன்றும் இன்றும் ஒன்றுதான். வரைபடங்கள் நேர்த்தியாக இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். மத்திய வங்கி, அரச நிதி, தேசிய கணக்கு பற்றிய பக்கங்களை மட்டும் புதிதாக எழுதுங்கள். கடந்தகால வினாத்தாள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2019 க்குப் பழையது, புதியது என இரண்டு தாள்கள் உண்டு.

மாணவன், மானிப்பாய்: மத்திய வங்கிப் பாடத்தில் ரியூட்டில் (அச்சிட்ட வகுப்புக் குறிப்பில்) ஒன்று இருக்கிறது, செய்தியில் வேறொன்று வருகிறது. எது சரி?

செய்திதான் சரி தம்பி. 1949 ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டம் போய், 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் வந்துவிட்டது. பழைய ரியூட்டில் பொருளாதார, விலை உறுதிப்பாடும் நிதியியல் முறைமை உறுதிப்பாடும் சம நோக்கங்களாக இருக்கும். இப்போது உள்நாட்டு விலை உறுதிப்பாடுதான் முதன்மை நோக்கம். பணவீக்க இலக்கு 5 சதவீதம். வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டியாக மத்திய வங்கி வைக்கும் கொள்கை வட்டியும் மாறியது: 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதம் 8 சதவீதத்தில் அறிமுகமாகி, 2025 மே மாதம் 7.75 ஆகக் குறைந்தது.

இதை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தினால் எனக்கு மனவருத்தம். முன்பு அரசின் கையில் காசு போதாவிட்டால் திறைசேரி உண்டியலை, அதாவது குறுங்காலக் கடன் பத்திரத்தை, வெளியிடும். மத்திய வங்கி அதை நேரடியாக வாங்கும். அந்தளவுக்குப் புதுப் பணம் உருவாகும். உற்பத்தி கூடாமல் பணம் மட்டும் கூடினால் விலை ஏறத்தானே செய்யும்? முதலாந்தரச் சந்தையில், அதாவது அரசு வெளியிடும்போதே, அப்படி வாங்குவதைப் புதிய சட்டம் தடுக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு ரூபாயின் வீழ்ச்சி, 2021 இன் இரசாயன உரத் தடை போன்ற காரணங்களும் உண்டு. பணம் அச்சிட்டதை மட்டும் எழுதினால் விடை அரைகுறை.

மாணவி, நல்லூர்: 2025 பெப்ரவரியில் பணவீக்கம் மறை (கழித்தல்) 4.2 சதவீதம் என்றார்கள். சாமான் ஒன்றும் மலியவில்லை என்று அம்மா சொல்கிறா.

அம்மா சொல்வதும் சரி, சுட்டெண்ணும் சரி. 100 ரூபாச் சாமான் 170 ஆகிப் பிறகு 4 சதவீதம் குறைந்தால் 163 அளவில் நிற்கும். பழைய 100 க்குத் திரும்பாது. வீதம் வேறு, விலை மட்டம் வேறு. அதோடு அந்த மாதக் குறைவில் மின்கட்டணக் குறைப்புக்குப் பெரிய பங்கு. சந்தைக்குப் போகிறவர் கண்ணில் அது படாது. இந்த வேறுபாட்டில் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள்.

மாணவன், கரவெட்டி: அடியாண்டுகள்?

ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைக்கும் ஆண்டுதான் அடியாண்டு. மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு 2015, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்கு 2021. 2010, 2013 என்று இருந்தால் வெட்டுங்கள்.

தாய், கோண்டாவில்: மகளுக்குக் கணக்கு ஓடாது. பொருளியல் எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம் அம்மா. சமன்பாடு தீர்க்கத் தெரிந்தால் போதும். பேனைச் சந்தையில் கேள்வித் தொகை 100 கழித்தல் விலையின் இருமடங்கு, நிரம்பல் தொகை விலையின் நான்கு மடங்கு கழித்தல் 20 என்று வையுங்கள். சமநிலை விலை 20 ரூபா, தொகை 60. இனி உற்பத்தியாளர் மீது அலகுக்கு 6 ரூபா வரி. விலை 26 ஆகும் என்றுதான் பலர் எழுதுவார்கள். செய்து பார்த்தால் விலை 24, தொகை 52. நுகர்வோர் 4 ரூபாவையும் உற்பத்தியாளர் 2 ரூபாவையும் சுமக்கிறார்கள். அரசுக்கு 312 ரூபா வருமானம். 2024 சனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 ஆனபோது அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது என்று கேட்பதும் இதே கணக்குத்தான். அதை விளங்கிக்கொண்டால் மகளுக்குப் பயம் தெளிந்துவிடும்.

தந்தை, சுன்னாகம்: புதிய கல்விச் சீர்திருத்தம் இப்போது தரம் 12 இல் இருக்கும் மகனைப் பாதிக்குமா?

இல்லை. அது முதலாம், ஆறாம் தரங்களிலிருந்து தொடங்குவதாகத்தான் அறிவிக்கப்பட்டது.

மாணவி, வேலணை: புதுத் தரவை எங்கே எடுப்பது? ரியூசனுக்குப் போக வசதியில்லை.

மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார மீளாய்வைத் தமிழிலேயே அதன் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. முதன்மைக் குறிகாட்டிகளின் அட்டவணையும் பணவீக்கம், இறைத்துறை பற்றிய பகுதிகளும் போதும். எந்த எண்ணைக் கொப்பியில் எழுதினாலும் பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள். விளங்காத இடத்தைக் குறித்து அனுப்புங்கள் பிள்ளை, நான் சொல்லித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.