வாரம் ஒரு நாள் மாத்திரைக்கு இத்தனை ரத்தப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. முடக்குவாதத்துக்காக ஏழு மாதமாக வாரம் ஒருமுறை 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். கை வீக்கம், வலி எல்லாம் குறைந்துவிட்டது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு சும்மா சும்மா ஊசி?" என்று ரத்தப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்த மருந்தின் பாதிப்பு பல நேரம் உடம்புக்குத் தெரியாமலேதான் தொடங்கும். கல்லீரல் நொதிகள் ஏறினாலும் பசி, தூக்கம் எல்லாம் வழக்கம்போலவே இருக்கும். வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பது காய்ச்சல் வந்த பிறகுதான் தெரியவரும். நான் முதலில் பார்ப்பது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைத்தான். மெத்தோட்ரெக்சேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தாலும் மருந்து உடம்பில் தேங்கிவிடும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றினாலே அது நடக்கலாம்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஆரம்பத்தில்தான் அடிக்கடி பரிசோதனை. அளவு நிலைப்பட்டு, முடிவுகளும் சீராக இருந்தால் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அளவைக் கூட்டினால் மறுபடி நெருக்கமாகப் பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு இதைவிடக் கவலை. இந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. இது 2.5 மி.கி., 10 மி.கி. எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. ஆறு சிறிய மாத்திரை சாப்பிட்டுப் பழகியவர் கையில் 10 மி.கி. அட்டை வந்தால், அதே ஆறு 60 மி.கி. ஆகிவிடும்! எனவே ஒரே அளவு மாத்திரையையே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிடும் கிழமையை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். கூடவே தரப்படும் ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைதான். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு, வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல் - இதில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த வார மாத்திரையை எடுக்காமல் மருத்துவரை உடனே அழையுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே சகஜமாக எழுதப்படும் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இதோடு சேர்ந்தால், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும்.