வீல்சேர்ல போய் தடுப்பூசி போட்டுக்கலாமா: உங்க கேள்வியும் என் பதிலும்

தடுப்பூசி பத்தி எழுதுனாலே வீல்சேர்ல இருக்குறவங்ககிட்ட இருந்து தனியா ஒரு கட்டு கேள்வி வந்துடுது. ஊசி போடுறதே என் வேலைங்கறதால தெரிஞ்சத சொல்றேன்.

சேர்ல இருந்து இறங்கி பெட்ல படுக்க சொல்றாங்க. அவசியமா?

தேவையே இல்ல. கைல போடுற ஊசிக்கு பிரேக்க போட்டுட்டு சேர்லயே உக்காந்திருந்தா போதும். ஆனா ஒண்ணு, போடுறவங்களும் ஒரு ஸ்டூல இழுத்து போட்டு உங்க உயரத்துக்கு உக்காரணும், இத கேட்டு வாங்குங்க. நின்னுக்கிட்டே மேல இருந்து குத்துனா ஊசி தோள் மூட்டு பக்கம் ஏறிடும், அப்புறம் மாசக்கணக்குல வலி நிக்கும். தோள் எலும்பு முனையில இருந்து ரெண்டு மூணு விரல் கீழ, சதை திரண்டிருக்குற இடம், அதான் சரியான இடம். கழுத்துப் பக்கமா சட்டைய இழுத்துவிட்டு தோள காட்டுனாலும் இதே கதைதான், மேல் பகுதி மட்டும்தான் வெளிய தெரியும், அதனால லூஸான கை வச்ச சட்டை போட்டுட்டு போங்க. சக்கரம் தள்ளுறது, கட்டிலுக்கு மாறுறது எல்லாமே உங்களுக்கு தோள வச்சுதான, நடக்குறவங்களுக்கு கால் மாதிரி.

எந்த கைல போட்டுக்கலாம்?

கம்மியா யூஸ் பண்ற கை. பவர் சேர்னா ஜாய்ஸ்டிக் பிடிக்காத கை. ஒரே நாள்ல ரெண்டு ஊசின்னா கைக்கு ஒண்ணுன்னு பிரிச்சு போடுவாங்க, நீங்க ஒரே கைல ஒரு இன்ச் தள்ளி போட சொல்லி கேளுங்க, போடலாம். ரெண்டு கையும் ஒண்ணா வலிச்சா மறுநாள் பாத்ரூம் போறதே பெரும்பாடு. வலி பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்தான், அந்த ரெண்டு நாளைக்கு கை கொடுக்க ஒரு ஆள் இருந்தா நல்லது.

தண்டுவடத்துல அடி, தொடையில உணர்ச்சியே இல்ல. அங்க போட்டா வலிக்காதுல்ல?

நல்ல யோசனைதான், தொடையோட முன்பக்க வெளிப்புறம் ஒத்துக்கிட்ட இடம்தான், அங்க சதை இருக்கான்னு மட்டும் நர்ஸ் தொட்டுப் பாக்கணும். ஆனா அடி டி6லயோ (நெஞ்சுப் பக்க முதுகெலும்புல ஆறாவது) அதுக்கு மேலயோ இருந்தா, உங்களுக்கு வலி தெரியலன்னாலும் உடம்புக்கு தெரியும், பிபி திடீர்னு எகிறலாம். தலைய பிளக்குற வலி, முகம் செவந்து வேர்க்கறது, இதான் அறிகுறி. உடனே நிமிந்து உக்காந்து பெல்ட்டு, இறுக்கமான துணி எல்லாத்தையும் தளர்த்தி, யூரின் டியூப் மடங்கியிருக்கான்னு பாருங்க. அப்பவும் அடங்கலன்னா எமர்ஜென்சிதான், டாக்டர கூப்பிடுங்க. நிஜத்துல ஊசிய விட, கியூல காத்துக்கிட்டே நிறைய விட்ட மூத்திரப்பை இத கிளப்பிவிடத்தான் வாய்ப்பு அதிகம்.

புட்டத்துல மட்டும் வேணாம். ஹெபடைட்டிஸ் பி, ரேபிஸ் ஊசியெல்லாம் அங்க போட்டா சரியா வேலை செய்யாது, அதுவும் போக நாள் முழுக்க நீங்க உக்கார்ற இடமே அதுதான.

பையனுக்கு ஸ்பைனா பைஃபிடா (பொறக்கும்போதே முதுகெலும்பு சரியா மூடாம இருக்குறது). நர்ஸ்கிட்ட தனியா எதாவது சொல்லணுமா?

லேடெக்ஸ். இவங்கள்ல நிறைய பேருக்கு அந்த ரப்பர் அலர்ஜி இருக்கும், கிளவுஸ், மருந்து பாட்டில் மூடின்னு எங்க வேணா ஒளிஞ்சிருக்கும். போகும்போது இல்ல, அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிடுங்க.

என் மகன் தசை நோய்க்கு தினமும் ஸ்டீராய்டு சாப்பிடுறான், ஊசி போடலாமா?

செத்த கிருமில செய்யற ஊசியெல்லாம் போடலாம். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடுறது), சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமி ஊசிக்கு மட்டும் டோஸ சொல்லி டாக்டர கேட்டுட்டு போடுங்க. ஊசிக்காக ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திடாதீங்க, அது ரொம்ப ஆபத்து.

கிளினிக் வாசல்ல மூணு படி. தூக்கிட்டு போறோம்னு சொல்றாங்க, இல்லன்னா ரோட்டுலயே வச்சு போடுறாங்களாம்.

தூக்குறதுன்னா சேரோட மெயின் ஃபிரேம பிடிக்கணும். தெரியாத ஆளு கை வைக்குற சட்டத்தையோ கால் வைக்குற தட்டையோ பிடிச்சு தூக்குவாரு, பாதி படியில அது கழண்டு அவர் கையோட வந்துடும். முடிஞ்சவரை தூக்க விடாதீங்க. வெளிய போடுறதுல மருத்துவ ரீதியா தப்பில்ல, நிழலும் மறைப்பும் இருக்கணும், போட்டப்புறம் 15 நிமிஷம் யாராவது பக்கத்துல இருந்து பாத்துக்கணும், முன்னாடி பெரிய அலர்ஜி வந்தவங்களுக்கு 30. ஆனா ஒவ்வொரு தடவையும் ரோட்டுலதான்னா அத நான் ஒத்துக்க மாட்டேன். 2006ல ஐநா கொண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையில 25வது பிரிவே மருத்துவம் பத்திதான், பாகுபாடு இல்லாம கிடைக்கணும்னு சொல்லுது. எழுதிக் கொடுத்து ரேம்ப் கேளுங்க, 1 அடி ஏற 12 அடி நீளம் வேணும், சும்மா ஒரு பலகைய சாச்சு வச்சா சேர் பின்னாடி குடை சாஞ்சிடும்.

ஊசிக்கு அப்புறம் ஜுரம் வந்து காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது, பயமா இருக்கு.

ஜுரம் வந்தா ஸ்பாஸம் கூடத்தான் செய்யும், எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்ங்கற நரம்பு நோய்) இருக்குறவங்களுக்கு பழைய அறிகுறிகூட கொஞ்ச நேரம் தலை தூக்கும். உங்களுக்கு ஒத்துக்கும்னா பாராசிட்டமால் போட்டு தண்ணி குடிங்க. ரெண்டு நாள் தாண்டியும் ஜுரம் விடலன்னா ஊசி மேல பழிய போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, யூரின் இன்ஃபெக்‌ஷனா, எங்கயாவது படுக்கைப்புண் இருக்கான்னு பாக்கணும்.