இன்சூரன்ஸ் கம்பெனி தவறுதலாக என்.சி.பி. கொடுத்துவிட்டால் சொல்ல வேண்டுமா?

போன வருடம் கார் இன்சூரன்ஸில் கிளைம் வாங்கியும், புதுப்பிக்கும் நோட்டீஸில் 50% நோ கிளைம் போனஸ் (என்.சி.பி., அதாவது கிளைம் வாங்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போட்டு வந்திருக்கிறது, பேசாமல் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சொல்லிவிடுங்கள்.

காரைக்குடியில் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. பின்கட்டு வாசல் கல்தூணில் உரசி, அப்பச்சியின் காருக்குக் கதவு மாற்றி கிளைம் வாங்கியிருந்தோம். அடுத்த நோட்டீஸில் பழைய 50% அப்படியே இருந்தது. "நம்ம காசு இல்லையே, எழுதிப் போடு" என்றார் அப்பச்சி. மெயில் அனுப்பினேன், திருத்தி அனுப்பினார்கள்.

கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20%, பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50. கிளைம் வாங்கினால் பூஜ்யம். இந்தத் தள்ளுபடி சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான். தேர்ட் பார்ட்டி, அதாவது மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான தொகை மாறாது. சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 ரூபாய் என்றால், 50% போனஸில் உங்களுக்கு மிச்சம் 3,000. நாளைக்குக் குன்றக்குடி ரோட்டில் பெரிய அடி பட்டால், தகுதியில்லாத போனஸைக் காட்டி கிளைமைக் குறைக்கவோ மறுக்கவோ பார்ப்பார்கள். தப்பு அவர்களுடையது என்று வாதாடலாம். ஆனால் வண்டி அதுவரை ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும்.

ஒன்று பாருங்கள்: என்.சி.பி. புரொடெக்ட் (கிளைம் வாங்கினாலும் போனஸைக் காக்கும் கூடுதல் கவர்) எடுத்திருந்தால் அந்த 50% சரியாகவே இருக்கலாம். இல்லையென்றால் பழைய கிளைம் எண்ணோடு மெயில் போடுங்கள், போனில் மட்டும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? வித்தியாசத்தைக் கட்டி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியைத் திருத்தியதற்கான சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த இழுபறியில் பாலிசி தேதியைத் தவற விடாதீர்கள்.