டெஃப்கானுக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் நாலு விசைத்தறி வைத்து லுங்கி ஓட்டுகிறேன். காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு 19 வயது. ஆகஸ்டில் அமெரிக்காவில் நடக்கும் 'டெஃப்கான்' ஹேக்கர் மாநாட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்கிறான். ஏலச்சீட்டு எடுத்த நாலு லட்சம் கையில் இருக்கிறது. ஹேக்கர் என்றாலே பயமாக இருக்கிறது, போலீஸ் பிரச்சினை வருமா? அனுப்பலாமா?

பதில்: ஐயா, இந்த வருடம் அனுப்ப வேண்டாம். சீட்டுப் பணத்தைத் தொடாமலேயே பையன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் உங்கள் பயம். டெஃப்கானை 1993-இல் லாஸ் வேகாஸில் ஆரம்பித்தவர் ஜெஃப் மோஸ். ஒரு நண்பருக்கு வழியனுப்பு விருந்து வைக்கத்தான் ஏற்பாடு செய்தார். நண்பர் முன்னதாகவே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டதால், தெரிந்த ஹேக்கர்களையெல்லாம் கூப்பிட்டார். அன்றைக்கு வந்தவர்கள் நூறு பேர் இருக்கும். இப்போது 30,000 பேர் வரை கூடுகிறார்கள். அதே மோஸை 2009-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொண்டது. அங்கே கூடுகிறவர்களில் நிறையப் பேருக்கு, கணினி, மென்பொருளில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து உரியவரிடம் சொல்வதுதான் சோறு போடும் தொழில். அங்கே போய் வந்தான் என்பதற்காக எந்தப் போலீஸும் வீட்டுக்கு வராது.

போலீஸ் வருகிற காரியம் வேறு. அனுமதி வாங்காமல் கல்லூரி வைஃபையையோ மதிப்பெண் தளத்தையோ 'சும்மா சோதித்துப் பார்த்தேன்' என்பான் ஒரு பையன். நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தான் என்று முடிவானால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் தப்பைச் சுட்டிக்காட்டப் போய், படிப்பை நிறுத்தும் நிலைக்கு வந்த ஒரு மாணவனை எனக்கு நேரில் தெரியும். இதை இன்று இரவே மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, ஏன் இப்போது வேண்டாம்? டெஃப்கான் மேடையில் பேசுவதில் பெரும்பகுதியைப் பிறகு யூடியூபில் இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். 400 டாலருக்கு மேல் பேட்ஜுக்கு (அதுதான் நுழைவுச்சீட்டு) கொடுத்து அங்கே போவது கையால் செய்து பழகத்தான். 'வில்லேஜ்' என்று தனித்தனிக் கூடங்கள் உண்டு. பூட்டு திறக்கும் கூடத்தில், வளைந்த சின்னக் கம்பி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டு லேசாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இன்னொரு கம்பியால் உள்ளே இருக்கும் முளைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ள வேண்டும். சரியான உயரத்துக்கு வந்ததும் முளை 'டிக்' என்று நிற்பது காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். கொட்டகையில் சத்தம் மாறியதுமே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று உங்களுக்குத் தெரிகிறதே, அதே பழக்கம்தான். அந்தப் பழக்கம் கொஞ்சமாவது கையில் ஏறியவனுக்குத்தான் அங்கே கேட்கக் கேள்வி இருக்கும். வெறும் ஆசையோடு போகிறவன் வரிசையில் நின்று களைத்து, டி-ஷர்ட் வாங்கிக்கொண்டு திரும்புவான்.

கை பழக ஒரு பைசா செலவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிக்கோசிடிஎஃப் என்ற இணையப் போட்டியின் ஹேக்கிங் புதிர்களை வீட்டிலிருந்தே போடலாம். டெஃப்கானின் பெயர் பெற்ற போட்டி 'கேப்சர் தி ஃப்ளாக்'; ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒளித்து வைத்த ரகசியக் குறியைக் கைப்பற்ற வேண்டும். அதற்கான இரண்டு நாள் தகுதிச் சுற்றே இணையத்தில்தான் நடக்கிறது; நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்தே மோதிப் பார்க்கட்டும். தோற்பார்கள், தோற்கட்டும். அந்த இரண்டு நாளில் கற்பது ஒரு செமஸ்டருக்குச் சமம். சென்னையிலும் பெங்களூரிலும் 'நல்' என்ற பாதுகாப்பு ஆர்வலர் குழு இலவசக் கூட்டங்கள் நடத்துகிறது. காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் இரவு வீடு திரும்பிவிடலாம்.

மாநாட்டையும் பார்க்கட்டும், கேரளாவில். கேரள போலீஸே சேர்ந்து நடத்தும் 'கோகான்' அண்மை ஆண்டுகளில் கொச்சியில் நடந்தது. காட்பாடியில் இரவு ஏறினால் காலையில் எர்ணாகுளம். ஹேக்கர்களும் காக்கிச் சட்டையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதை முடிந்தால் நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். நான் இவ்வளவு எழுதியும் போகாத பயம் அங்கே போய்விடும்.

இரண்டு வருடம் இப்படி உழைத்துவிட்டுக் கேட்டால் தயங்காமல் அனுப்புங்கள். அப்போது அவனுக்கு 21 ஆகியிருக்கும். இது முக்கியம்: வேகாஸில் பல ஹோட்டல்கள் 21 நிரம்பாதவர் பெயரில் அறை தருவதில்லை. இன்று 19 வயதில் தனியாகப் போய் இறங்கினால், பதிவு செய்த அறையே கிடைக்காமல் போகலாம். அதே வாரம் அதே ஊரில் 'பிளாக் ஹாட்' என்றும் ஒன்று நடக்கும். கம்பெனிக்காரர்களுக்கானது, கட்டணம் பல மடங்கு. பெயர் குழம்பிப் பணம் கட்டிவிட வேண்டாம்.

விசா நேர்காணலில் 'ஊர் சுற்றப் போகிறேன்' என்று ஏஜென்ட் சொல்லிக்கொடுப்பதை ஒப்பிக்க வேண்டாம், மாநாட்டின் பெயரை அப்படியே சொல்லட்டும். மாநாட்டுக்குக் கொண்டுபோக, பேங்க் செயலி இல்லாத பழைய போன் ஒன்று போதும். மாநாட்டு வைஃபையில் பாதுகாப்பில்லாமல் லாகின் செய்தவர்களின் பெயரையும் பாஸ்வேர்டில் பாதியையும் 'வால் ஆஃப் ஷீப்' என்று பெரிய திரையில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது.